நம்ம தெருவுக்கும் காய் வரணும்



இந்த மாதப் பாடம் சாப்பாட்டைப் பற்றியது. "தினமும் ஆக்கித் தின்கிற சோத்துக்கு என்ன பாடம்?" என்று சிலர் சிரிக்கலாம். நாங்களும் இதை ரொம்ப சுலபமான பாடம் என்றுதான் நினைத்திருந்தோம். ஒரு கூட்டத்தில் ஒரு அம்மா கேட்ட கேள்விதான் எங்களை மாற்றியது. அந்தக் கேள்வியிலிருந்தே ஆரம்பிப்போம்.

அந்த அம்மா கேட்ட கேள்வி

கெங்கவல்லி பேரூராட்சியின் ஓரத்தில் இருக்கும் ஒரு காலனியில் வாரக் கூட்டம். சந்தா வாங்கி, கடன் தவணை எழுதி முடித்ததும், நாங்கள் கொண்டுபோன சத்துணவுப் படத்தைச் சுவரில் மாட்டினோம். கீரை, கேரட், பப்பாளி, முட்டை, பால் எல்லாம் கலர் கலராக இருந்தது. எதைச் சாப்பிட்டால் ரத்தம் ஊறும், எது கண்ணுக்கு நல்லது என்று வரிசையாகச் சொன்னோம். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கடைசியில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். "படத்துல இருக்கறதெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க மேடம். ஆனா எங்க தெருவுக்குக் கீரைக்காரம்மா வந்து ஆறு மாசம் ஆச்சு. கடைத்தெரு வரைக்கும் நடந்து போய்ட்டு வந்தா வேலைக்கு நேரமாயிடுது. இங்க பொட்டிக்கடையில சிப்ஸ் பாக்கெட்டுதான் சரம் சரமாத் தொங்குது. நாங்க எதைத் திங்கறதுங்க, படத்தையா?"

அன்றைக்கு எங்களிடம் பதில் இல்லை.

அந்த அம்மா விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவர் மருமகள் அப்போது இரண்டாவது பிள்ளை, ஆறு மாதம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7 கிராம்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்வர அன்றைக்கே குழுவில் உள்கடன் கேட்டிருந்தார். தீர்மானப் புத்தகத்தில் 'மருத்துவச் செலவு' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம். பிறகு பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தோம். மருத்துவம், மருத்துவம் என்று அதே வார்த்தை பக்கத்துக்குப் பக்கம் வந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்த சேமிப்பு இப்படி ஆஸ்பத்திரிக்கே போகிறதே என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது.

ரத்தம் சொல்லும் கணக்கு

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையக் கூடாது. மற்றப் பெண்களுக்கு 12 கிராம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ரத்தசோகை. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு.

இன்னொரு கணக்கையும் கவனியுங்கள். அதே ஆய்வில், நம் மாநிலப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள். முந்தைய ஆய்வில் இது 31 ஆக இருந்தது. ஒரு பக்கம் ரத்தம் இல்லை, இன்னொரு பக்கம் உடம்பு பெருக்கிறது. இது எப்படி? வயிறு நிறைகிறது, ஆனால் சத்து சேரவில்லை. சோறும் எண்ணெயும் சர்க்கரையும் பாக்கெட் தீனியும் சுலபமாகக் கிடைக்கிறது. கீரையும் காயும் பருப்பும் பழமும்தான் எட்டாமல் போகிறது.

உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் காயும் பழமும் சேர்த்துக் குறைந்தது 400 கிராம் வேண்டும் என்கிறது. இதில் உருளைக்கிழங்கும் மரவள்ளிக் கிழங்கும் சேராது. அவற்றில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து, சோறு போலத்தான். மரவள்ளி விளைகிற நம்ம பக்கத்தில் இதை முக்கியமாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். கிழங்கு சாப்பிட்டால் தப்பில்லை. ஆனால் கிழங்கு சாப்பிட்ட அன்று காய் சாப்பிட்டாச்சு என்று கணக்கு எழுதக் கூடாது.

பக்கத்தில் விளைந்தும் ஏன் எட்டவில்லை?

நம்ம பக்கம் வறண்டு கிடக்கிற சீமை இல்லை. ஒரு பக்கம் பச்சைமலை, ஒரு பக்கம் கொல்லிமலை, நடுவில் சுவேத நதி. மரவள்ளி, மக்காச்சோளம், மஞ்சள், வெங்காயம், காய்கறி என்று எல்லாம் விளைகிறது. மரவள்ளி சேகோ ஆலைக்குப் போகிறது. காய்கறி தலைவாசல் சந்தைக்குப் போய் அங்கிருந்து வெளியூருக்கு லாரி ஏறுகிறது. தக்காளி பறிக்கப் போன பெண் வீட்டில் அன்றைக்கு ரசம் வைக்கத் தக்காளி இருக்காது. இதை நாம் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம்!

காலனிப் பெண்களோடு உட்கார்ந்து பேசியதில் நான்கு தடைகள் தெரிந்தன.

ஒன்று, தூரம். நல்ல காய்க்கடை தெருவில் இல்லை.
இரண்டு, நேரம். காய் வருகிற நேரத்தில் நாம் கூலி வேலையில் இருக்கிறோம். நாம் திரும்புகிற நேரத்தில் வாடினது மட்டும் மிச்சம்.
மூன்று, கைக்காசு. பத்து ரூபாய்க்கு வாங்குகிறவருக்கு விலை எப்போதும் கூடத்தான்.
நான்கு, விற்கிறவர். பத்து வீட்டுக்காக ஒரு வியாபாரி உள்ளே வரமாட்டார். அவருக்கும் கட்டுப்படியாகணும்.

பட்டணத்திலும் இதே கதைதான். சென்னையில் ஆற்றோரக் குடிசைகளில் இருந்த குடும்பங்களை 2000ஆம் ஆண்டு முதல் நகரத்தின் ஓரத்தில் கண்ணகி நகருக்கும், பிறகு பெரும்பாக்கத்துக்கும் மாற்றினார்கள். வீடு கிடைத்தது. ஆனால் வேலை பழைய இடத்திலேயே இருந்தது. விடியலில் பஸ் ஏறி இருட்டில் திரும்பும் பெண் எப்போது கீரை ஆய்ந்து எப்போது கடைவாள்? நம் பிள்ளைகளும் திருப்பூர், சேலம், பெங்களூர் என்று போய் ஒற்றை அறையில் பொங்கித் தின்கிறார்கள். அவர்களுக்கும் இந்த நான்கு தடையும் உண்டு.

தடையைத் தாண்டியவர்கள்

முதலில் நமக்குத் தெரிந்த உழவர் சந்தை. 1999 நவம்பர் 14ஆம் தேதி மதுரையில் முதல் சந்தை திறக்கப்பட்டது. நம் பக்கத்தில் ஆத்தூரிலும் இருக்கிறது. விளைவித்தவரே நேரே விற்க வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை. விவசாயிக்கு அடையாள அட்டை கொடுத்தார்கள். கடைக்கு வாடகை கிடையாது. தராசும் அங்கேயே கிடைக்கும். காலையில் விலையைப் பலகையில் எழுதிப் போடுவார்கள். மொத்த விலையைவிட விவசாயிக்கு ஏறத்தாழ 20 சதவீதம் கூடவும், சில்லறை விலையைவிட வாங்குகிறவருக்கு ஏறத்தாழ 15 சதவீதம் குறைவாகவும் இருக்கும்படி விலை வைப்பது வழக்கம். நடுவில் கை மாறுவது குறைந்தால் இரண்டு பக்கமும் லாபம். ஆனால் ஆத்தூருக்குப் போக முடிந்தவருக்குத்தான் அந்த லாபம். தூரத் தடை அப்படியே இருக்கிறது.

இரண்டாவது, அம்மா உணவகம். 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கி, அதே ஆண்டில் சேலம் உட்பட மற்ற மாநகராட்சிகளுக்கும் வந்தது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்று ஆரம்பித்தார்கள். அங்கே சமைத்தவர்கள் யார் தெரியுமா? நம்மைப் போன்ற சுயஉதவிக் குழுப் பெண்கள்தான். சுமை தூக்குகிறவர், வீட்டு வேலைக்குப் போகிறவர், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை இருப்பவர் எல்லோரும் வந்து சாப்பிட்டார்கள். இடம், நேரம், விலை மூன்றும் முன்கூட்டியே தெரிந்திருந்ததுதான் அதன் பலம். காலை 7 மணிக்கு இட்லி என்றால் 7 மணிக்கு இட்லி. ஆனால் வரவைவிடச் செலவு பெரிதாக இருந்தது. சென்னை மாநகராட்சி ஆண்டுதோறும் அந்த இழப்பைச் சுமந்தது. அரசாங்கத்தால் சுமக்க முடியும். நம் குழுவால் முடியாது. ஆகவே நாம் செய்வது எதுவானாலும் தன் செலவைத் தானே தாங்க வேண்டும்.

மூன்றாவது, கடல் தாண்டி ஒரு ஊர். பிரேசில் நாட்டில் பெலோ ஹொரிசாண்டே என்று ஒரு பெரிய நகரம். நல்ல சாப்பாடு கிடைப்பது குடிமக்களின் உரிமை என்று 1993ல் அந்த நகராட்சி முடிவெடுத்துத் தனித் துறையே அமைத்தது. நகரின் நல்ல இடங்களில் காய்கறி வியாபாரிகளுக்குக் கடை கொடுத்தது. அதற்கு நிபந்தனை வைத்தது. குறிப்பிட்ட சில காய்களை நகராட்சி சொன்ன குறைந்த விலைக்கு விற்க வேண்டும். சனி, ஞாயிறு வந்தால் வண்டியில் காய் ஏற்றிக்கொண்டு ஏழைகள் குடியிருக்கும் ஓரத்துத் தெருக்களுக்குப் போய் விற்க வேண்டும். ஆள் சந்தைக்கு வர முடியாவிட்டால் சந்தை ஆளிடம் போகட்டும் என்பதுதான் யோசனை.

நம் ஊரிலும் இதைப் பார்த்தோமே! 2021 மே மாதம் முழு ஊரடங்கு வந்து கடைகள் எல்லாம் மூடியபோது, தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சிகளும் சேர்ந்து வண்டியில் காய்கறியைத் தெருத் தெருவாகக் கொண்டு வந்தார்கள். ஊரடங்கு முடிந்தது, அந்த வண்டியும் நின்றது. ஆனால் தெருவுக்குக் காய் வர முடியும் என்பது நமக்குத் தெரிந்துபோனது. இனி அதை யார் கொண்டு வருவது என்பதுதான் கேள்வி.

அந்தக் குழு என்ன செய்தது?

'படத்தையா திங்கறது' என்று கேட்ட அம்மாவின் குழுவே முதலில் முயன்றது. வீட்டுக்கு 50 ரூபாய் போட்டு, வாரம் ஒரு நாள் முறை வைத்து இரண்டு பேர் ஆத்தூர் உழவர் சந்தைக்குப் போய் எல்லோருக்கும் சேர்த்து வாங்கி வருவது என்று தீர்மானம். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் வந்ததால் டிக்கெட் செலவு பெரிதாக இல்லை.

முதல் வாரமே சண்டை. அமுங்கின தக்காளி யாருக்கு, நல்ல தக்காளி யாருக்கு என்று. இரண்டாவது வாரம் கத்தரிக்காயில் பாதி பூச்சி. மூன்றாவது வாரம் நாலு பேர் பணம் தராமல் "அப்புறம் தர்றேன் அக்கா" என்றார்கள். போன இரண்டு பேருக்கும் அன்றைய கூலி போனது. "இந்த வேலையே வேண்டாம்" என்று விட்டுவிடப் பார்த்தார்கள்.

பிறகு உட்கார்ந்து பேசி நான்கு விதி எழுதினார்கள். காசு முதல் நாளே வர வேண்டும், கடன் கிடையாது. பத்து நாள் தாங்குகிற வெங்காயம், பூசணி, கேரட், பீட்ரூட் பாதி; சீக்கிரம் வாடுகிற காய் பாதி. கூறு போடுகிறவர் கடைசிக் கூறை எடுக்க வேண்டும். போய் வருகிறவருக்கு ஒரு கூறு இலவசம். மூன்றாவது விதி வந்த பிறகு தக்காளிச் சண்டை நின்றுவிட்டது!

ஆனாலும் ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. கணக்கு போட்டுப் பாருங்கள். 15 வீடு, வீட்டுக்கு 50 ரூபாய் என்றால் 750 ரூபாய். சராசரியாகக் கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் 25 கிலோ. ஒரு வீட்டுக்கு ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஆளுக்கு 400 கிராம் என்றால் ஒரு நாளைக்கே 1,600 கிராம் வேண்டும். அதாவது, வாரச் சந்தைக் காய் ஒரு நாள் தேவைக்குத்தான் வருகிறது! மீதி ஆறு நாள்?

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டதும் எல்லோரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்த அம்மாதான் சொன்னார்: "அப்ப மீதிய மண்ணுலதான் எடுக்கணும்."

மீதி ஆறு நாளுக்கு

முருங்கை. மழை தொடங்கும்போது ஒரு போத்து வெட்டி நட்டால் போதும். செலவில்லை. இரும்புச்சத்தும் கண்ணுக்கு வேண்டிய சத்தும் உள்ள கீரை வீட்டு வாசலிலேயே நிற்கும். இடமே இல்லாத தெருவில் ஐந்து வீட்டுக்கு ஒரு மரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பாத்திரம் கழுவும் தண்ணீர். சாம்பலோ குறைந்த சோப்போ போட்டுக் கழுவிய தண்ணீரை வாழை, பப்பாளி, கீரைப் பாத்தி பக்கம் திருப்பி விடுங்கள். இடம் இல்லாதவர்கள் பழைய சாக்கில் மண் நிரப்பிச் சிறுகீரை, தண்டுக்கீரை போடலாம். மூன்று, நான்கு வாரத்தில் பறிக்கலாம்.

காட்டுக் கீரை. பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, சுக்குட்டிக்கீரை எல்லாம் நம் பாட்டிமார் மடி நிறையப் பறித்து வந்தவை. களை என்று பிடுங்கி எறிகிறோம். பெரியவர்களிடம் கேட்டு அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். பூச்சிமருந்து, களைக்கொல்லி அடித்த காட்டில் மட்டும் பறிக்க வேண்டாம்.

களியும் கூழும். ராகி, கம்பு, சாமை, தினை ஆகியவற்றை வாரத்தில் இரண்டு நாளாவது சேர்ப்போம். ராகியில் இருக்கும் சுண்ணாம்புச்சத்து அரிசியில் இல்லை.

சேர்த்துச் சாப்பிடும் முறை. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் சேர்வது குறையும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். இதற்குக் காசே வேண்டாம்.

நமக்கு உரியது. ரேஷன் கடையில் 2007 முதல் குறைந்த விலையில் துவரம் பருப்பு தருகிறார்கள். அது எந்தத் தேதியில் வருகிறது என்று கேட்டுக் குழுவில் சொல்லுங்கள். வேலைக்குப் போனவர் வாங்கத் தவறினால் ஒரு மாதப் பருப்பு போச்சு. கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் அங்கன்வாடியில் சத்துமாவு உண்டு. அதை மாட்டுக்குக் கரைத்து ஊற்றுகிற வீடுகளையும் பார்த்திருக்கிறோம். தயவுசெய்து வேண்டாம். உருண்டையாகவோ, அடையாகவோ, கஞ்சியாகவோ செய்து அந்தத் தாயே சாப்பிடட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியைச் சுரண்டிச் சாப்பிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தெருவுக்குக் காய் வந்தாலும், வீட்டுக்குள் அது நம் தட்டுக்கு வராவிட்டால் நம் ரத்தம் ஏறாது. கூறு போடும்போது சந்தைக்குப் போனவருக்கு ஒரு கூறு என்று விதி எழுதினோமே! அடுப்படியில் நின்றவருக்கும் ஒரு கூறு உண்டு. குழம்பில் ஒரு கரண்டி காயை முதலிலேயே எடுத்து வையுங்கள். இது சுயநலம் இல்லை.

அந்த மருமகளுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரையும் ஊசியும் போட்டார்கள். பிரசவ நேரத்தில் 10 கிராமைத் தொட்டது. பெண் குழந்தை, இருவரும் நலம். இது கீரையால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டோம். ரத்தம் ரொம்பக் குறைந்தவர்களுக்கு மருத்துவர் தரும் மருந்துதான் முதலில் வேண்டும். ஏறின ரத்தம் மறுபடி இறங்காமல் காப்பது நம் அடுப்படி, நம் தெரு, நம் குழு.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

ஊக்குநரும் பிரதிநிதியும் அடுத்த கூட்டத்தில் கீழ்க்கண்ட கேள்விகளைப் படித்து எல்லோரையும் பேச வைக்க வேண்டும். அமைதியாக இருப்பவர்களை முதலில் கேளுங்கள்.

1. போன வாரம் நம் வீட்டில் எத்தனை நாள் கீரையோ காயோ சமைத்தோம்? அதில் நம் தட்டுக்கு எவ்வளவு வந்தது?
2. நல்ல காய் வாங்க நம் தெருவில் இருந்து எவ்வளவு தூரம் போகிறோம்? நான்கு தடைகளில் நமக்கு எது பெரியது?
3. காய் போடும் விவசாயக் குடும்பம் நம் குழுவிலோ பக்கத்துக் குழுவிலோ இருக்கிறதா? அவர்களே வாரம் ஒரு நாள் நம் தெருவுக்கு நேரே கொண்டு வந்தால், எல்லா வீடும் சேர்ந்து வாங்கத் தயாரா?
4. உள்கடன் ஏட்டில் கடந்த ஓராண்டில் மருத்துவத்துக்காக எவ்வளவு கடன் போயிருக்கிறது? கூட்டிப் பார்த்து எழுதுங்கள்.
5. நம் குழுவில் எத்தனை பேர் இந்த ஆண்டு ஹீமோகுளோபின் பார்த்திருக்கிறோம்? பார்க்காதவர்கள் சேர்ந்து ஒரே நாளில் சுகாதார நிலையத்துக்குப் போக முடியுமா?

பேசி முடித்து ஒரே ஒரு தீர்மானம் எழுதினால் போதும். பத்து தீர்மானம் எழுதி ஒன்றும் நடக்காததைவிட, ஒரு முருங்கைப் போத்து நடுவது மேல். மூன்றாவது கேள்விக்குச் சரி என்று சொல்லும் குழுக்கள் கூட்டமைப்புக் கூட்டத்தில் தெரிவியுங்கள். ஒரு தெரு தனியாகக் கூப்பிட்டால் விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. ஐந்து தெரு சேர்ந்து ஒரே நாளில் கூப்பிட்டால் வண்டி தானாக வரும்.

திட்டங்கள் வரும், போகும். ஊரடங்கு வண்டி மாதிரி நிற்கவும் செய்யும். நம் குழு நிற்காது. அடுத்த தடவை அந்தக் காலனிக்கு நாங்கள் போகும்போது, சுவரில் படம் மாட்டப் போவதில்லை. கூறு போடும் இடத்தில் உட்கார்ந்து தக்காளி எண்ணப் போகிறோம்.